கணையத்தின் நோய் நெஞ்சில் தெரியும்போது

"நோய் வயிற்றில் என்றுதானே சொன்னீர்கள்? பிறகு நெஞ்சில் ஏன் குழாய் வைக்கிறீர்கள்?" கணைய அழற்சியால் துன்புறுவோரின் உறவினர்கள் எம்மிடம் இவ்வாறு கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. வயிற்றையும் மார்பையும் உதரவிதானம் என்னும் தசைத்திரை பிரித்து நிற்கிறது. திரைக்கு மேலே நுரையீரலும் இதயமும், கீழே உணவைச் செரிக்கும் உறுப்புகளும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கீழ்வீட்டில் பற்றிய நெருப்பு மேல்வீட்டில் புகையாகத் தெரிவது எப்படி என்பதை இவ்விதழில் விளக்க முயல்கிறோம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். கணைய அழற்சி வந்தவர்களுள் பெரும்பாலோர் சில நாள்களில் நலம்பெற்று வீடு திரும்புகின்றனர். இங்கே நாங்கள் சொல்லப்போகும் சிக்கல்களுட் பல அரியவை. அரியவற்றை எடுத்துக்கூறி அச்சமூட்டுவது எம் எண்ணமன்று. ஆனால் அரிய நோய்க்கென ஒரு தீவினை உண்டு: அது யாருடைய நினைவுக்கும் எளிதில் வருவதில்லை. நினைவுக்கு வராத நோயைக் கண்டறிவதற்குள் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அந்த மாதங்களைக் குறைக்கக்கூடிய குறிப்பு பெரும்பாலும் நோயாளியிடமோ அவர் மனைவியிடமோ தாயிடமோதான் இருக்கிறது. இக்கட்டுரையை எழுதத் துணிந்தமைக்கு அதுவே காரணம்.

ஒரு நோயாளியின் கதையிலிருந்து தொடங்குவோம். இது தனியொருவருடைய கதையன்று. பலரிடம் நாங்கள் கண்டவற்றை ஒருவர் மேல் ஏற்றிச் சொல்கிறோம். நாற்பது வயதைக் கடந்தவர், சரக்கு வண்டி ஓட்டுபவர். இரண்டு மாதங்களாக நடந்தால் மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல், உடல் மெலிந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்தால் இடப்பக்க நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது. ஊசியால் நீரை எடுத்தார்கள். பத்து நாள்களில் மீண்டும் அதே அளவு நிறைந்துவிட்டது. காசநோயாக இருக்கலாம் எனக் கருதி மாத்திரைகள் தொடங்கப்பெற்றன. ஆறு வாரம் தவறாது விழுங்கியும் நீர் குறையவில்லை. வயிற்றுவலி ஏதேனும் வந்ததுண்டா என்று எவரும் கேட்கவில்லை. நோய் நெஞ்சில் இருக்கிறதென்றால் வயிற்றைப் பற்றி ஏன் கேட்கப்போகிறார்கள்? அவரும் சொல்லவில்லை. ஐந்து மாதங்களுக்கு முன்பு முதுகு வரை பாய்ந்த கடும் வயிற்றுவலியோடு நான்கு நாள் வேறோர் ஊர் மருத்துவமனையில் கிடந்ததை, அவர் அறையைவிட்டு வெளியே சென்ற வேளையில் அவர் மனைவிதான் எம்மிடம் தாழ்ந்த குரலில் கூறினார். அதற்கு முந்தைய நாள்களின் குடிப்பழக்கத்தையும் சேர்த்தே கூறினார். அந்த இரண்டு வாக்கியங்கள்தாம் நோயைக் காட்டிக்கொடுத்தன.

கணையம் இருக்கும் இடமும் அதன் சாறும்

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. நீளம் ஏறத்தாழ 15 செ.மீ. அதன் தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் அமர்ந்திருக்கிறது. வால்பகுதி இடப்புறம் மண்ணீரலை எட்டித் தொடுகிறது. அந்த வாலுக்கு மேலே சற்று தூரத்தில்தான் இடப்பக்க உதரவிதானம் கவிந்திருக்கிறது. நெஞ்சில் நீர் கோக்கும்போது பெரும்பாலும் இடப்பக்கத்தில் கோப்பதன் காரணங்களுள் இவ்வமைப்பும் ஒன்று.

கணையம் செய்யும் வேலை இரண்டு. இன்சுலினை இரத்தத்தில் விடுவது ஒன்று. மற்றொன்று, நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேலான செரிமானச் சாற்றைச் சுரந்து, தன் நடுவே ஓடும் நாளத்தின் வழியே குடலுக்கு அனுப்புவது. இச்சாற்றிலுள்ள நொதிகள் இறைச்சியையும் கொழுப்பையும் கரைக்கும் ஆற்றல் உள்ளவை. அத்தகைய சாறு கணையத்தையே ஏன் கரைப்பதில்லை? இயற்கை அவற்றை உறங்கும் நிலையில் வைத்து அனுப்புகிறது. குடலை அடைந்த பின்னரே, அங்குள்ள மற்றொரு நொதி அவற்றை எழுப்புகிறது. பித்தக்கற்கள் வழியை அடைக்கும்போதும், மதுவினால் கணைய அணுக்கள் புண்படும்போதும், இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 1000 மில்லிகிராமுக்கு மேல் ஏறிவிடும்போதும் இவ்வொழுங்கு குலைகிறது. நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்கின்றன. அதுவே கணைய அழற்சி. காரணம் எதுவென்று அறியப்படாமலே நோய் வருவோரும் உண்டு. சைக்கிளிலிருந்து விழுகையில் கைப்பிடி வயிற்றில் குத்திக் கணையம் கிழிந்த குழந்தைகளும் உண்டு. ஆகவே கணைய நோயாளி என்றவுடன் குடிகாரர் என்று முடிவுகட்டும் வழக்கத்தைக் குடும்பத்தாரும் அயலாரும் விட்டுவிட வேண்டும் என்பது எம் வேண்டுகோள்.

நோயின் கடுமையை மருத்துவ உலகம் மூன்று படிகளாகப் பிரிக்கிறது. 2012 ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பெற்ற அட்லாண்டா வகைப்பாட்டின்படி, நுரையீரல், சிறுநீரகம், இரத்தவோட்டம் ஆகியவற்றுள் ஒன்றேனும் செயலிழந்து 48 மணி நேரத்துக்கு மேலும் அந்நிலை நீடித்தால் அது கடுமையான கணைய அழற்சி. அம்மூன்றனுள் முதலில் தளர்வது பலரிடம் நுரையீரலே.

முதல் வாரத்தில் நெஞ்சு

நெஞ்சுச் சிக்கல்களை முதல் சில நாள்களில் வருவன, பல வாரங்களுக்குப் பின் வருவன என இருவகையாகக் கொள்ளலாம். முற்பட்டவை அவ்வளவு அரியவையல்ல. அழற்சியுற்ற கணையத்தின் மேல் கவிந்த உதரவிதானம் எரிச்சலடைந்து, இடப்பக்கத்தில் சிறிதளவு நீர் ஊறும். வலியால் ஆழ்ந்து மூச்சிழுக்க இயலாததால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும். இவையிரண்டும் பெரும்பாலும் கணையம் ஆறும்போது தாமாகவே சரியாகின்றன. இந்நீரை எடுக்கவேண்டிய தேவையும் பொதுவாக எழுவதில்லை. செவிலியர் நோயாளியைத் தலைப்புறம் உயர்த்திச் சாய்த்து அமர்த்துவதும், மூன்று பந்துகள் உள்ள கருவியை வாயில் வைத்து மூச்சை உள்ளிழுக்கச் சொல்வதும் விளையாட்டல்ல என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

அச்சத்துக்குரியது மற்றொன்று. கணையத்தில் தொடங்கிய அழற்சி இரத்தவோட்டத்தில் கலந்து உடல் முழுவதும் பரவும்போது, நுரையீரலின் மெல்லிய காற்றறைகளின் சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. காற்று நிற்கவேண்டிய இடத்தில் நீர் நிற்கிறது. காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான படலமும் சிதைகிறது. இதனைக் கடும் மூச்சுத்திணறல் நோய்க்கூட்டம் என்கிறோம்; மருத்துவர்கள் தமக்குள் ஏ.ஆர்.டி.எஸ். என்று பேசிக்கொள்வதை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். ஆக்சிஜன் முகமூடி போதாமற்போய், செயற்கைச் சுவாசக் கருவியின் துணை வேண்டியதாகும். "வென்டிலேட்டரில் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது" என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றியிருக்கிறது. அது சரியன்று. அக்கருவி நோயைக் குணமாக்குவதில்லை. நுரையீரல் ஆறுவதற்கான காலத்தை வாங்கித் தருகிறது. அந்நிலையிலிருந்து மீண்டு நடந்து சென்றவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். மீளாதவர்களையும் கண்டிருக்கிறோம், நோயின் இக்கட்டத்தில் உயிருக்கு இடர் உண்டு என்பதை மறைத்துப் பேசுவது குடும்பத்துக்கு நாங்கள் செய்யும் நன்மையாகாது.

சாறு மேலேறும் கள்ளவழி

இனி அரியதற்கு வருவோம். அழற்சியினால் கணைய நாளம் ஓரிடத்தில் கிழிந்துவிட்டதாகக் கொள்ளுங்கள். குடலுக்குச் செல்லவேண்டிய சாறு அவ்விடத்தில் கசிகிறது. உடல் அதனைச் சுற்றி நாரிழைச் சுவர் எழுப்பி அடைத்துவைக்க முயலும். அவ்வாறு உருவாகும் நீர்ப்பைக்குப் பொய்க்கட்டி என்று பெயர். கட்டிபோலத் தோன்றினும் தனக்கென உட்தோல் அற்றது என்பதால் அப்பெயர். உடல் அடைத்துவைக்க இயலாதபோது சாறு வழிதேடி ஓடுகிறது. கிழிசல் கணையத்தின் முன்புறம் அமைந்தால் சாறு வயிற்றறைக்குள் வடிந்து வயிறு உப்பும். கிழிசல் பின்புறம் அமைந்தாலோ, சாறு முதுகெலும்பின் முன்னே மேல்நோக்கி ஊர்கிறது. உதரவிதானம் ஓட்டையற்ற சுவரன்று. உணவுக்குழாய் இறங்குவதற்கு ஒரு வாயிலும், பெருந்தமனி இறங்குவதற்கு ஒரு வாயிலும் அதில் உண்டு. அவ்வாயில்கள் வழியே சாறு மார்புக்குள் நுழைந்து, நுரையீரலைப் போர்த்தியிருக்கும் இரட்டை உறையின் இடைவெளியில் வடிகிறது. சில வேளைகளில் உதரவிதானத்தை நேரே துளைத்தும் செல்லும்.

இவ்வாறு அமையும் வழியை மருத்துவர்கள் ஃபிஸ்டுலா என்பர். நாம் கள்ளவழி எனலாம். கணைய அழற்சி வந்தவர்களுள் ஏறத்தாழ ஆயிரத்தில் நால்வருக்கே நெஞ்சுக்குச் செல்லும் கள்ளவழி ஏற்படுவதாக மருத்துவ இதழ்களில் வெளியான தொகுப்புகள் கூறுகின்றன. வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கோக்கும் இவ்விரண்டும் ஒரே கிழிசலின் இரு முகங்கள் என்பதை 1976 ஆம் ஆண்டில் கேமரன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் விளக்கி எழுதினர். அதற்கு முன்னர் இவை தனித்தனி வியப்புகளாகவே பேசப்பட்டு வந்தன.

இந்நோயின் விந்தையான தன்மை ஒன்றுண்டு. சாறு நெஞ்சில் லிட்டர் கணக்கில் தேங்கினாலும் நோயாளிக்கு வயிற்றுவலி இராமலே இருக்கலாம். குடலைத் தொடாமல் வந்த சாற்றில் பெரும்பகுதி நொதிகள் இன்னும் உறக்கத்தில் இருப்பது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. தவிரவும், சாறு வெளியேற ஒரு வழி கிடைத்துவிட்டதால் கணையத்தின் இறுக்கம் தளர்கிறது. வயிற்றுவலி தணிகிறது, மூச்சு இரைக்கிறது. நோயாளி எந்த மருத்துவரை நாடுவார்? நெஞ்சு மருத்துவரைத்தானே. முன்பு கணைய அழற்சி வந்ததாக இவர்களுட் பலர் சொல்வதே இல்லை. சிலருக்கு அது வாயுத்தொல்லை என்ற பெயரில் வந்து போயிருக்கும். சிலர் குடிப்பழக்கம் உறவினர்முன் வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சி மறைத்திருப்பர்.

நம் நாட்டில் நுரையீரலைச் சுற்றிப் புரதம் மிகுந்த நீர் கோத்தால் மருத்துவர் முதலில் நினைப்பது காசநோயை. அது பிழையன்று, இங்கு மிகுதியாகக் காணப்படும் காரணம் அதுவே. கணையச் சாறு கலந்த நீரும் புரதம் மிகுந்ததே. காய்ச்சல், மெலிவு, இருமல் எனப் புறத்தோற்றமும் ஒத்திருக்கும். ஐயத்தைத் தீர்ப்பது ஓர் எளிய சோதனை. எடுத்த நீரின் ஒரு சிறு பகுதியை அமைலேஸ் என்னும் கணைய நொதியின் அளவைக் காண அனுப்பினால் போதும். கள்ளவழி இருப்பின் அவ்வளவு லிட்டருக்கு 1000 அலகுகளைத் தாண்டி நிற்கும். பல்லாயிரம் அலகுகளையும் எட்டும். உணவுக்குழாய் கிழிந்தாலும், சில புற்றுநோய்களிலும் நெஞ்சுநீரில் அமைலேஸ் ஏறுவதுண்டு. எனினும் மிக உயர்ந்த அளவு கணையத்தையே சுட்டும். இரத்தப் பரிசோதனைக்கென ஊசி குத்தும் ஆய்வகங்கள் பலவற்றிலும் இச்சோதனைக்கான வசதி இருக்கிறது. புதிய கருவி வேண்டாம், புதிய ஊசியும் வேண்டாம்; அதனைக் கேட்கவேண்டும் என்ற நினைவுதான் வேண்டும்.

ஆகவே உங்களிடம் நாங்கள் வேண்டுவது இது. கடந்த ஓராண்டிலோ அதற்கு முன்னரோ கணைய அழற்சி வந்திருந்து, இப்போது நெஞ்சில் நீர் கோத்திருப்பதாகச் சொல்லப்பட்டால், எந்த மருத்துவரிடம் சென்றாலும் பழைய வயிற்றுவலியை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். "முன்பு கணையத்தில் வீக்கம் இருந்தது, இந்த நீரில் அமைலேஸ் பார்க்கலாமா?" என்று மரியாதையோடு கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எண்ணமாட்டார். எடுத்த நீர் ஓரிரு வாரங்களிலேயே மீண்டும் நிறைவதும், நிறம் கருமையாகவோ இரத்தம் கலந்தோ இருப்பதும் கேட்பதற்கான கூடுதல் காரணங்கள். கணவர் எதிரில் சொல்ல இயலாதவற்றைத் தனியே சொல்ல விரும்பும் மனைவியர், செவிலியரிடம் ஒரு சொல் சொன்னால் போதும்; நேரம் ஒதுக்குவோம்.

இதைப் படித்துவிட்டுக் காசநோய் மாத்திரையை எவரும் தாமாக நிறுத்திவிடலாகாது. இரு நோய்களும் ஒருவரிடமே இருக்கலாம். இடையில் நிறுத்தினால் காசநோய்க் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறும் இடரும் உண்டு. நிறுத்துவதா தொடர்வதா என்பதை நீரின் முடிவுகளைக் கண்டு மருத்துவரே தீர்மானிக்கவேண்டும்.

வேறு சில அரிய வழிகள்

மேலேறும் சாறு நுரையீரல் உறைக்கே எப்போதும் செல்வதில்லை. இரு நுரையீரல்களுக்கும் நடுவே, இதயத்துக்குப் பின்னால் உள்ள இடுக்கில் தேங்கிப் பொய்க்கட்டியாக நின்றுவிடுவதுண்டு. அப்போது உணவுக்குழாய் நெருக்கப்பட்டு, விழுங்கும்போது உணவு நெஞ்சில் நிற்பதுபோலத் தோன்றும். மிக அரிதாகச் சாறு மூச்சுக்கிளைக்குள் புகுந்து, இருமும்போது உப்புச்சுவையுள்ள நீர் குவளை குவளையாக வருவதும் உண்டு. இதய உறையில் நீர் சேர்ந்து இதயத்தை அமுக்கினால் கழுத்து நரம்புகள் புடைக்கும், இரத்த அழுத்தம் தாழும், நோயாளி மயங்குவார். இது மணிக்கணக்கில் காத்திருக்கக்கூடியதன்று. கணையத்தை அடுத்தோடும் தமனியின் சுவரைச் சாறு அரித்து, அது பலூன்போல் உப்பி வெடித்தால் குருதிப்பெருக்கு ஏற்படும். நெடுநாள் படுக்கையில் கிடந்தவருக்குக் காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைப்பதும் திடீர் மூச்சுத்திணறலுக்கு ஒரு காரணம். அதனால்தான் வயிற்று நோயாளிக்கு நாள்தோறும் தோலடியில் ஓர் ஊசி போட்டு இரத்தம் உறையாமல் காக்கிறோம்.

வழியைக் காண்பதும் அடைப்பதும்

நெஞ்சுநீரில் அமைலேஸ் மிகுந்திருப்பது தெரிந்தபின், கிழிசல் எங்கே என்று காணவேண்டும். சி.டி. ஸ்கேன் கட்டிகளையும் கற்களையும் நன்கு காட்டினாலும், கள்ளவழியை ஏறத்தாழப் பாதிப் பேரிடமே காட்டுகிறது. காந்தப்புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. இதில் மேலானது, கதிர்வீச்சும் இல்லை. அதற்கும் பின்னரே ஈ.ஆர்.சி.பி. என்னும் உள்நோக்கி முறை வருகிறது. வாய்வழியே உள்நோக்கியைச் செலுத்தி, கணைய நாளத்தின் வாயைக் கண்டறிந்து, நிறமருந்து செலுத்திப் படமெடுப்பர். கிழிசலைத் தாண்டி ஸ்டென்ட் எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் குழலை அப்போதே வைத்துவிடவும் இயலும். சாறு எப்போதும் எளிய வழியையே நாடும். குடலுக்குச் செல்லும் வழியில் தடை நீங்கினால், நெஞ்சுக்குச் செல்லும் கள்ளவழி வறண்டு தானாகத் தூர்ந்துபோகும். அடைக்கவேண்டியது ஓட்டையை என்பதைவிட, திறக்கவேண்டியது வாயிலை என்பதே இச்சிகிச்சையின் உட்பொருள். ஈ.ஆர்.சி.பி. செய்வதாலேயே சிலருக்குக் கணைய அழற்சி வருவதுண்டு என்பதையும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

கிழிசல் கணையத்தின் வால்புறத்தில் இருந்தாலோ, நாளம் முழுவதும் அறுந்துவிட்டாலோ, கற்கள் வழியை அடைத்தாலோ ஸ்டென்ட் பயன் தராமற்போகலாம். சில வாரங்கள் பொறுத்துப் பார்த்தும் நீர் வற்றாதபோது அறுவைச் சிகிச்சை வேண்டியதாகும். கிழிந்த வால்பகுதியை நீக்குவதோ, நாளத்தைக் குடலோடு நேரே இணைப்பதோ அவ்வறுவை. கணையச் சுரப்பைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசியையும் இடைக்காலத்தில் தருவதுண்டு; எல்லாரிடமும் அது ஒரே அளவில் பயன் தருவதில்லை.

இனி அந்த நெஞ்சுக்குழாய். அதனைக் கண்டு கலங்காத குடும்பம் இல்லை. விலா எலும்புகளுக்கு இடையே, மரத்துப்போகும் ஊசி போட்ட பின் அக்குழாயைச் செலுத்தி, நீர் நிரப்பிய புட்டியோடு இணைக்கிறோம். மூச்சு விடும்போது குழாயில் நீர்மட்டம் ஏறி இறங்குவது குழாய் வேலை செய்வதன் அடையாளம். அதைக் கண்டு அஞ்சவேண்டா. புட்டி எப்போதும் நெஞ்சின் மட்டத்துக்குக் கீழேயே, நிமிர்ந்த நிலையில் இருக்கவேண்டும். கட்டிலின் மேல் தூக்கி வைத்தால் வடிந்த நீர் மீண்டும் உள்ளே திரும்பும். குழாய் மடங்காமலும் இழுபடாமலும் பார்த்துக்கொள்வது உடனிருப்போரின் பொறுப்பு. "இவ்வளவு நீர் இருக்கிறதே, ஒரே நாளில் முழுவதையும் எடுத்துவிடக் கூடாதா?" என்று கேட்பர். கூடாது. நெடுநாள் அமுங்கிக் கிடந்த நுரையீரல் ஒரேயடியாக விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கசிந்து மூச்சுத்திணறல் மிகும். ஒன்று, ஒன்றரை லிட்டர் வடிந்ததும் செவிலியர் குழாயைச் சிறிது நேரம் மூடிவைப்பது இதற்காகத்தான். அதனை நீங்களாகத் திறக்கவோ மூடவோ வேண்டா.

ஒரு வாய்க் கஞ்சி

உடனிருப்போர்க்கு மிகக் கடினமான பகுதி குழாயன்று, உணவு. நோயாளி எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார். மருத்துவரோ வாய்வழி உணவு வேண்டா என்கிறார். பெற்ற மனம் எப்படிப் பொறுக்கும்? வீட்டிலிருந்து தூக்குப்பாத்திரத்தில் கஞ்சியோ ஆட்டுக்கால் சூப்போ கொண்டுவந்து, செவிலியர் பணிமாறும் வேளை பார்த்து இரண்டு கரண்டி ஊட்டிவிடுவதை நாங்கள் அறியாதவர்கள் அல்லோம். கோபப்படுவதற்கும் எமக்கு மனம் வருவதில்லை.

ஆனால் நடப்பது என்ன என்று பாருங்கள். உணவு இரைப்பையைக் கடந்து முன்சிறுகுடலைத் தொட்டவுடன், அதிலுள்ள கொழுப்பும் புரதமும் கணையத்துக்கு ஆணையிடுகின்றன. கணையம் சாறு சுரக்கிறது. அச்சாறு கிழிசல் வழியே நெஞ்சுக்கு ஏறுகிறது. காலையில் இருநூறு மில்லிலிட்டராகக் குறைந்திருந்த வடிநீர் மறுநாள் ஐந்நூறாகிறது. காரணம் புரியாமல் நாங்கள் மற்றொரு ஸ்கேனுக்கு எழுதுகிறோம். அன்பால் ஊட்டிய இரண்டு கரண்டி சூப், மருத்துவமனையில் இன்னும் ஒரு வாரத்தைக் கூட்டிவிடக்கூடும்.

பட்டினி போடுவதும் எம் நோக்கமன்று. மூக்கின் வழியே நீண்ட மெல்லிய குழாயைச் செலுத்தி, முன்சிறுகுடலைத் தாண்டிய இடத்தில் அதன் நுனியை வைத்து, அங்கே நீர்ம உணவைச் சொட்டு சொட்டாகத் தருகிறோம். கணையத்துக்குச் செல்லும் ஆணை அங்கிருந்து மிகக் குறைவு. உடலுக்கு வேண்டிய ஆற்றலும் புரதமும் கிடைக்கின்றன. குடலும் வேலையின்றி நலிவதில்லை. இக்குழாய் உறுத்தும், தொண்டை கரகரக்கும், சிலர் உறக்கத்தில் பிடுங்கிவிடுவர். அதனை மீண்டும் வைப்பதற்கு எக்ஸ்ரே அறைக்கோ உள்நோக்கி அறைக்கோ செல்லவேண்டும் என்பதால், இரவில் ஒருவர் விழித்திருந்து காப்பது பேருதவி. வாய் வறண்டால் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்து, கொப்பளித்துத் துப்பச் செய்யலாம். மருத்துவர் இசைந்த அளவே நீர் தரலாம். வாய்வழி உணவு தொடங்கும் நாள் வரும். அன்று முதலில் தருவதும் கொழுப்பு குறைந்த கஞ்சியாகவே இருக்கும். கொண்டுவரும் பாத்திரத்தை அந்நாளுக்கென வைத்திருங்கள்.

வீடு திரும்பிய பின்

கடுமையான கணைய அழற்சியிலிருந்து மீண்டு வீடு சென்றவர்க்கு அடுத்த சில மாதங்கள் கவனத்துக்குரியவை. படியேறும்போது முன்பில்லாத இரைப்பு, படுத்தால் மூச்சு முட்டுதல், ஒரு பக்கம் நெஞ்சு கனத்தல், விடாத வறட்டு இருமல், விழுங்குவதில் தடை, காய்ச்சல் ஆகியவற்றுள் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் வாருங்கள். வீட்டில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி இருப்பின், அமர்ந்த நிலையில் அளவு 94-க்குக் கீழே நின்றால் எமக்குத் தெரிவியுங்கள். 90-க்குக் கீழே இறங்கினாலோ, மயக்கம், உதடு நீலம்பாரித்தல், இரத்தவாந்தி ஆகியன தோன்றினாலோ 108 ஊர்தியை அழைத்து அருகிலுள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள். எம்மிடம் வரவேண்டுமென்று தொலைவு கடக்கவேண்டா.

மதுவை ஒரு துளியும் தொடலாகாது என்பதை நாங்கள் சொல்லாமலே அறிவீர்கள். புகையிலையும் கணையத்துக்குப் பகையே என்பதைப் பலர் அறிவதில்லை; குடியை விட்டவர் அந்த இடத்தில் பீடியை இரட்டிப்பாக்கிக்கொள்வதை அடிக்கடி காண்கிறோம். பித்தக்கல்லால் நோய் வந்தவர்கள் வலி தீர்ந்துவிட்டதென்று பித்தப்பை அறுவையைத் தள்ளிப்போடவேண்டா.

ஒரு கோப்புறையை இதற்கென்றே வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம், ஸ்கேன் படங்கள், நெஞ்சுநீரின் முடிவுகள் ஆகியவற்றை நாள்வரிசையில் வையுங்கள். நெஞ்சுவலி என்று எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் சென்றாலும், அதில் மேலே இருக்கவேண்டியது கணைய அழற்சி என்று எழுதிய தாள்.

ஸ்டென்ட் வைக்கப்பெற்றவர்கள் இன்னொன்றையும் அதில் எழுதவேண்டும். அக்குழல் நிலையாக இருக்கவேண்டியதன்று. சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ அதனை எடுக்கவோ மாற்றவோ வேண்டும். மறந்துவிட்டால் உள்ளேயே அடைத்துக்கொண்டு புதிய வலியையும் தொற்றையும் உண்டாக்கும். மூச்சு சீராகி, பசி திரும்பி, வேலைக்கும் சென்றுவிட்டவருக்கு வயிற்றில் ஒரு குழல் இருப்பது நினைவில் நிற்பதில்லை. முன்பு நாங்கள் குறிப்பிட்ட ஓட்டுநரும் இரண்டாம் மாதத்தில் வண்டியோடு வெளிமாநிலம் சென்றுவிட்டார். கோப்புறையின் உள்ளட்டையில் சிவப்பு மையால் எழுதி வட்டமிட்டிருந்த தேதியைப் பார்த்துத் தொலைபேசியில் அவரை வரவழைத்தவர், இம்முறையும் அவருடைய மனைவியே.